வயிற்றின் கணக்கு நேரான கதை

வங்கியில் ஒரு நாளின் பணி முடியும்போது வரவும் செலவும் நேராக வேண்டும். நேராகாவிட்டால், வேறுபடும் தொகையை அனாமத்துக் கணக்கில் வைத்துவிட்டுப் பிழை எங்கே நிகழ்ந்தது என்று தேடத் தொடங்குவோம். தொகை சிறியதாயிற்றே என்று அதை அங்கேயே விட்டுவைப்பவர் நல்ல கணக்கர் அல்லர். இருபது ஆண்டுகளாக இந்த ஒழுங்கில் பழகிய நான், என் வீட்டில் ஒரு கணக்கு நேராகாமல் இருந்ததை ஏறத்தாழ ஓராண்டுக் காலம் கவனிக்கத் தவறினேன். அது என் மகளின் வயிற்றுக் கணக்கு.

எங்கள் குடும்பம் திருவாரூர்ப் பக்கத்தைச் சேர்ந்தது. இடமாற்றத்தில் ஜெய்ப்பூருக்குக் குடிபெயர்ந்தபோது மகளுக்கு ஏழு வயது. மூன்று வேளையும் அரிசி உண்டு வளர்ந்த எங்களுக்கு, ராஜஸ்தானில் கோதுமைக்கு மாறுவது எளிதாகவே இருந்தது. காலையில் பராட்டா, பள்ளிக்கு ரொட்டியும் உருளைக்கிழங்கும், இரவில் புல்கா, மாலையில் பிஸ்கட் என்று நாள்கள் ஓடின. இரண்டாம் ஆண்டில் மகளுக்கு உண்டவுடன் வயிறு உப்பத் தொடங்கியது. வாரத்தில் மூன்று நான்கு நாள்கள் வயிற்றுப்போக்கு. வகுப்புப் புகைப்படத்தில் முதல் வரிசையின் ஓரத்தில், எல்லோரையும்விடக் குள்ளமாக நின்றாள். நண்பகலுக்குள் களைத்துவிடுகிறாள் என்று ஆசிரியை சொன்னார். இரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று தெரிந்து மருந்து கொடுத்தோம். மூன்று மாதங்கள் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. செலுத்திய தொகை கணக்கில் வரவாகவில்லை என்றால் இடையில் எங்கோ தடை இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "வெளியூர்த் தண்ணி ஒத்துக்கல தம்பி, போகப் போகச் சரியாயிடும்" என்றார் என் தாயார். நானும் அதையே நம்பினேன்.

நாங்கள் செய்த முதல் பிழை

கோதுமைதான் காரணமாக இருக்கலாம் என்று அலுவலக நண்பர் ஒருவர் கூறினார். அன்றே வீட்டில் கோதுமையை நிறுத்தினோம். மூன்றே வாரங்களில் மகளின் வயிற்றுப்போக்கு நின்றது. மகிழ்ச்சியில் இரண்டரை மாதங்கள் கடந்தன. எதற்கும் பார்த்துவிடலாம் என்று குடல்நோய் மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். நடந்ததைக் கேட்ட அவர், "சான்றை நீங்களே அழித்துவிட்டீர்கள்" என்றார்.

அவர் விளக்கியது இது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உள்ளது. ரொட்டி மாவுக்கு இழுபடும் தன்மையைத் தருவது அதுவே. சிலருடைய உடலில் இந்தப் புரதம் சென்றவுடன் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் சொந்தக் குடலையே தாக்கத் தொடங்குகிறது. இதற்குச் சீலியாக் நோய் என்று பெயர். இது சாதாரண ஒவ்வாமை அன்று. தன்னுடல் தாக்கு நோய். இதைக் கண்டறிய முதலில் இரத்தத்தில் குறிப்பிட்ட ஓர் எதிர்ப்பொருளின் அளவைப் பார்ப்பார்கள். அது மிகுந்திருந்தால் உள்நோக்கிக் கருவியால் சிறுகுடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்து ஆராய்வார்கள். ஆனால் நோயாளி கோதுமை உண்டுகொண்டிருக்கும் காலத்தில்தான் இச்சோதனைகள் உண்மையைச் சொல்லும். நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் குறைந்துவிடும். குடலும் ஆறத் தொடங்கிவிடும். நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.

எங்களுக்கும் அப்படியே வந்தது. முடிவு தெளிவாக இல்லை. எனவே நாள்தோறும் இரண்டு புல்கா வீதம் எட்டு வாரங்கள் உண்ணச் செய்து மீண்டும் சோதிக்க வேண்டும் என்றார் மருத்துவர். வலிக்கும் என்று தெரிந்தே மகளின் தட்டில் ரொட்டியை வைத்த அந்த எட்டு வாரங்களை நான் மறக்க மாட்டேன். "இன்னும் எத்தனை நாள்ப்பா?" என்று அவள் நாள்காட்டியில் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டாம் சோதனையில் எதிர்ப்பொருள் மிக அதிகமாக இருந்தது. குடல் துணுக்கும் நோயை உறுதி செய்தது.

இக்கட்டுரையிலிருந்து ஒரே ஒரு செய்தியை மட்டும் எடுத்துச் செல்ல விரும்புவோர் இதை எடுத்துச் செல்லுங்கள்: கோதுமையின்மீது ஐயம் எழுந்தால், முதலில் சோதனை, பிறகே நிறுத்தம். இந்த வரிசை மாறியதால் எங்கள் குழந்தை எட்டு வாரங்கள் வீணே துன்புற்றாள்.

குடலுக்குள் நடப்பது என்ன?

சிறுகுடலின் உட்சுவர் வழவழப்பான குழாய் அன்று. அதன்மீது விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் கம்பளத்தின் இழைகளைப்போல நெருங்கி நிற்கின்றன. பள்ளிப் பாடநூல்களில் அவற்றைக் குடலுறிஞ்சிகள் என்று படித்திருப்போம். உண்ட உணவின் சத்தை உறிஞ்சி இரத்தத்தில் சேர்ப்பவை இவையே. சீலியாக் நோயில் இந்த விரல்கள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின்கள் எல்லாம் உள்ளே போகும், உடலில் சேராது. என் மகளுக்குக் கொடுத்த மருந்து வரவாகாததன் காரணம் இதுதான்.

பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதியும் இந்த விரல்களின் நுனிப்பகுதியில்தான் சுரக்கிறது. ஆகவே புண்பட்ட குடலுக்குச் சில காலம் பாலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். குடல் ஆறியதும் பெரும்பாலோருக்குப் பால் மீண்டும் ஒத்துக்கொள்ளும். தயிரும் மோரும் பாலைவிட எளிதில் செரிக்கக் காரணம், நுண்ணுயிரிகள் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை முன்பே உண்டுவிடுவதுதான்.

கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் வில்லெம் டிக்கே என்னும் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். 1930-களிலேயே அவருக்கு இந்த ஐயம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டின் மேற்குப் பகுதியைக் கடும் பஞ்சம் வாட்டியது. ரொட்டி கிடைக்கவில்லை. நாடே நலிந்திருந்தபோது, இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பக் கிடைத்ததும் அவர்கள் மீண்டும் நலிந்தார்கள். டிக்கே தம் ஆய்வேட்டை 1950-இல் வெளியிட்டார்.

தமிழகத்தில் நாம் இந்த நோயைப் பற்றி அதிகம் கேள்விப்படாததற்கும் காரணம் உண்டு. இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்டோரைச் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வடக்கே 1.23 விழுக்காட்டினருக்கும் தெற்கே 0.10 விழுக்காட்டினருக்கும் இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருப்பது தெரியவந்தது. இதற்கு இடம்கொடுக்கும் மரபணுக் கூறு இரு பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் காணப்பட்டது. பெரிதும் வேறுபட்டது, அன்றாடம் உண்ணும் கோதுமையின் அளவு. அரிசி உண்ணும் ஊரில் மறைந்திருக்கக்கூடிய ஒரு குறை, கோதுமை உண்ணும் ஊருக்கு வந்ததும் வெளிப்படலாம். பணி காரணமாக வடக்கே வாழும் தமிழ்க் குடும்பங்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரில் பத்தில் ஒருவருக்கு வரை இந்நோய் இருக்கக்கூடும் என்பதால் நாங்களும் சோதித்துக்கொண்டோம். எங்களுக்கு இல்லை.

இரண்டாம் பிழை: அரிசியும் பொட்டலமும்

நோய் உறுதியானதும் கோதுமையை முற்றிலும் விலக்கினோம். அதன் இடத்தில் மூன்று வேளையும் வெள்ளை அரிசியை வைத்தோம். கூடவே குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்ட பிஸ்கட்டுகளும் ரொட்டிகளும் வாங்கினோம். சாதாரண பிஸ்கட்டைவிடப் பல மடங்கு விலை. அவற்றின் பின்புறத்தைப் படித்தால் மாவுச்சத்து, சர்க்கரை, எண்ணெய் என்ற மூன்றே முக்கியமாக இருக்கும்.

மகளின் வயிற்றுப்போக்கு நின்றது. அதற்கு நேர்மாறாக மலச்சிக்கல் தொடங்கியது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல் என்பதால் எனக்கும் என் துணைவியாருக்கும் அதே தொல்லை. எனக்குப் பின்னிரவில் நெஞ்செரிச்சல் வேறு. உணவியல் வல்லுநரிடம் சென்றபோது, ஒரு குறிப்பேட்டில் என்ன உண்டோம், எப்போது உண்டோம், வயிறு எப்படி இருந்தது என்று இரண்டு வாரங்கள் எழுதி வரச் சொன்னார். எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. பேரேடு போலவே கோடு கிழித்து எழுதிக்கொண்டு போனேன்.

அவர் அதைப் புரட்டிவிட்டு, "கோதுமையை எடுத்தீர்கள். அதோடு சேர்ந்து போன நார்ச்சத்துக்கு ஈடாக எதையும் வைக்கவில்லையே" என்றார். 100 கிராம் முழுக்கோதுமை மாவில் ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. அதே எடை வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை. முழுப் பாசிப்பயறில் ஏறத்தாழ 17 கிராம். முழுக் கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 25 கிராம். நாளொன்றுக்கு வளர்ந்த ஒருவருக்கு 30 கிராம் அளவுக்கு நார்ச்சத்து தேவை. எங்கள் குறிப்பேட்டைக் கூட்டிப் பார்த்தால் அதில் பாதிகூடத் தேறவில்லை.

நார்ச்சத்து நமக்குச் செரிக்காது. ஆனால் பெருங்குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிரிகளுக்கு அதுவே உணவு. அவை அதை நொதிக்கச் செய்து உண்டாக்கும் கொழுப்பு அமிலங்களுள் ஒன்றான பியூட்டிரேட், பெருங்குடல் சுவரின் உயிரணுக்களுக்கு முதன்மையான எரிபொருள். பயறு, காய், கனி, கிழங்கு, விதை என்று பலவகை முழு உணவுகளை உண்டால் பலவகை நுண்ணுயிரிகளுக்கும் உணவு கிடைக்கும். ஒரே வெள்ளைச் சோற்றையும் பொட்டலப் பண்டத்தையும் உண்டால் அவை பட்டினி கிடக்கும்.

"தினமும் ஒரு வேளை தானியமே இல்லாமல் சமைத்துப் பாருங்கள். சோறும் ரொட்டியும் தட்டில் இல்லாவிட்டால், அந்த இடத்தைக் காயும் பயறும் நிரப்பித்தான் ஆக வேண்டும்" என்றார் அவர். இரவு வேளையைத் தேர்ந்தெடுத்தோம். மகளுக்கு மட்டும் தனிச் சமையல் என்று இல்லாமல், வீட்டில் நால்வருக்கும் ஒரே உணவு என்பதும் அன்றே எடுத்த முடிவு. தனித் தட்டில் உண்ணும் குழந்தை, தான் நோயாளி என்பதை ஒவ்வொரு வேளையும் நினைவுகொள்ளும்.

"சோறில்லாம ராத்திரி எப்படித் தூக்கம் வரும்?" என்றார் என் தாயார். அவருக்கு விடை சொன்னது பக்கத்து வீடு.

பாலைவனம் கற்றுத் தந்த சமையல்

பக்கத்து வீட்டு மூதாட்டியைக் குடியிருப்பில் அனைவரும் தாதிஜி என்றே அழைப்பர். ஆண்டுக்கு இரு நவராத்திரிகளிலும் ஒன்பது நாள்கள் விரதம் இருப்பவர். வட இந்திய விரத மரபில் அரிசி, கோதுமை, பருப்பு எல்லாம் விலக்கு. நம் வீடுகளில் ஏகாதசியன்று சோற்றை விலக்குவதை இதனோடு ஒப்பிடலாம். விரத நாள்களில் தாதிஜியின் அடுப்பில் வெந்தவை மூன்று வகை மாவுகள். குட்டு மாவு, ஒரு செடியின் முக்கோண விதையை அரைத்தது. அதற்குக் கோதுமையோடு எந்த உறவும் இல்லை. சிங்காடா மாவு, குளங்களில் விளையும் கொம்புள்ள ஒரு காயை உலர்த்தி அரைத்தது. ராஜ்கீரா, நம் தண்டுக்கீரை இனத்தின் விதை. மாலையில் கொறிப்பதற்கு, பீகாரின் மிதிலைப் பகுதிக் குளங்களில் பெருமளவில் விளையும் மக்கானாவை நெய்யில் வறுத்து வைப்பார்.

விரதம் இல்லாத நாள்களின் சமையல் இன்னும் வியப்பைத் தந்தது. மழை குறைந்த ராஜஸ்தானில் பச்சைக் காய்கறி அரிதாக இருந்த காலத்தில், அம்மக்கள் பயறையும் தயிரையும் உலர்ந்த காய்களையும் கொண்டு ஒரு சமையலை உருவாக்கியிருக்கிறார்கள். அதில் பல உணவுகளில் தானியமே கிடையாது.

கட்டே: கடலை மாவில் சிறிது தயிர், ஓமம், மிளகாய்த்தூள், உப்பு, எண்ணெய் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, விரல் பருமனில் நீளமாக உருட்டிக் கொதிநீரில் வேகவைக்க வேண்டும். மிதந்து வந்ததும் எடுத்துத் துண்டுகளாக்கி, மசாலா சேர்த்த தயிர்க் குழம்பில் இட்டுக் கொதிக்கவிட்டால் முடிந்தது. இதை முதன்முதலில் உண்ட நாளில் என் தாயார் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

சீலா: ஊறவைத்த பாசிப்பருப்பை இஞ்சி, பச்சை மிளகாயோடு அரைத்து வார்க்கும் தோசை. துருவிய சுரைக்காயோ கீரையோ சேர்க்கலாம். நம் அடையின் உடன்பிறப்பு. அரிசி மட்டும் இல்லை.

மங்கோடி: பாசிப்பருப்பை அரைத்துச் சிறு உருண்டைகளாக வெயிலில் உலர்த்திய வடகம். வறுத்துக் குழம்பில் இடுவார்கள்.

கேர்-சாங்கிரி: பாலைவனச் செடி ஒன்றின் காயும், கேஜ்ரி மரத்தின் உலர்ந்த நெற்றும் சேர்ந்த பொரியல். கேஜ்ரி ராஜஸ்தானின் மாநில மரம். அது நம் ஊர்க் கோயில்களில் நாம் வலம்வரும் வன்னி மரமே என்று அறிந்தபோது, தொலைதூர ஊர் கொஞ்சம் அருகில் வந்ததுபோல் இருந்தது.

ஆனால் விரத உணவு என்றாலே நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. குட்டு மாவுப் பூரியும் உருளைக்கிழங்கு வறுவலும் எண்ணெயில் மூழ்கியவை. ஜவ்வரிசிக் கிச்சடியும் விரத உணவுதான். நம் சேலம் வட்டாரத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது என்ற பெருமையும் அதற்கு உண்டு. எனினும் அது நார் நீக்கிய வெறும் மாவுச்சத்து. ஆறும் குடலுக்கு அதனால் பெரும் பயன் இல்லை. விரதக் கடைகளில் சாமக் அரிசி என்று விற்பது நம் குதிரைவாலி. விரத மரபு அதைத் தானியமாகக் கொள்ளாவிட்டாலும் அது சிறுதானியமே. குளூட்டன் மட்டும் இல்லை. குட்டு மாவு பழையதானால் கெட்டுவிடும் என்பதால், சிறிதளவு புதிதாக வாங்கி விரைவில் பயன்படுத்திவிட வேண்டும்.

நம் அடுப்பில் ஏற்கெனவே இருந்தவை

சில வாரங்களில் நம் சமையலிலேயே தானியமற்ற உணவுகள் எத்தனை என்று எண்ணத் தொடங்கினோம். கொண்டைக்கடலைச் சுண்டல், தட்டைப்பயறுச் சுண்டல், பீன்ஸ் பருப்பு உசிலி, பூசணிக் கூட்டு, அவியல், வாழைத்தண்டுப் பச்சடி, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, முருங்கைக்கீரைத் துவட்டல், மோர். இவற்றை எல்லாம் சோற்றுக்குத் துணையாகவே வைத்துப் பழகிவிட்டோம். துணையை நடுவில் வைத்து அளவைக் கூட்டினால் அதுவே முழு உணவு.

எங்கள் வீட்டின் ஒரு வார இரவு உணவு இப்படி அமைந்தது. திங்கள், பாசிப்பருப்புச் சீலாவும் தக்காளித் துவையலும். செவ்வாய், கட்டேயும் கீரையும். புதன், அவியலும் சுண்டலும். வியாழன், முட்டைப் பொரியலும் காய்கறிச் சூப்பும். வெள்ளி, கூட்டும் வேகவைத்த கிழங்கும். சனி, உசிலியும் மோர்க்குழம்பும். ஞாயிறு, மகள் கேட்பது. தானியத்தை விட்டதால் செலவு கூடவில்லை. விலை மிகுந்த பொட்டலங்களை நிறுத்தியதால் மாதாந்திர மளிகைச் செலவு குறையவே செய்தது.

பயறை ஒரே நாளில் அதிகமாக உண்டால் வயிறு உப்பும். முதல் வாரத்தில் எங்களுக்கும் உப்பியது. சிறிதளவில் தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் கூட்ட வேண்டும். இரவே ஊறவைத்து, ஊறிய நீரை வடித்துவிட்டு, குழைய வேகவைத்தால் தொல்லை குறையும். நார்ச்சத்து கூடும்போது தண்ணீரும் கூட வேண்டும். இல்லையேல் மலச்சிக்கல் மிகும்.

மறைந்திருக்கும் கோதுமை

சீலியாக் நோயாளிக்குச் சிறு துளிக் கோதுமையும் தீங்கு. அது நமக்குத் தெரியாத இடங்களில் ஒளிந்திருக்கும். எங்களை ஏமாற்றியது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ கலந்திருப்பது வழக்கம். சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றிலும் நாள்தோறும் நாங்களே அதைத் தூவிக்கொண்டிருந்தோம். உறையைப் படித்து, அரிசி மாவு கலந்ததாகப் பார்த்து வாங்கத் தொடங்கினோம். ரவை, சேமியா இரண்டும் பெரும்பாலும் கோதுமையே. மால்ட் சேர்ந்த சத்துப் பானங்களில் பார்லி இருக்கும். சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கும்.

மாவு அரைக்கும் சக்கி மற்றோர் இடர். கோதுமை அரைத்த அதே கல்லில் கடலையை அரைத்தால் கடலை மாவிலும் கோதுமை கலந்துவிடும். கடலைப்பருப்பை வாங்கி வீட்டிலேயே அரைத்துக்கொள்வது பாதுகாப்பானது. விருந்தினருக்காகக் கோதுமை ரொட்டி சுட நேர்ந்தால் தோசைக்கல், பூரிக்கட்டை, சல்லடை மூன்றும் தனியாக இருக்க வேண்டும். பொட்டல உணவு வாங்கும்போது குளூட்டன் இல்லாதது என்ற குறிப்பைப் பாருங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, அவ்வாறு குறிக்கப்படும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

யாருக்கு எது பொருந்தும்?

தானியம் பகை என்று நான் சொல்ல வரவில்லை. சீலியாக் நோயாளிக்கு விலக்க வேண்டியது குளூட்டன் உள்ள தானியங்களே. அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவற்றை அவர்கள் தாராளமாக உண்ணலாம். கோதுமையால் வயிறு உப்பும் எல்லோருக்கும் சீலியாக் நோய் இருப்பதும் இல்லை. கோதுமையிலும் வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஒரு வகை மாவுப்பொருள் சிலருக்குச் செரிக்காமல் வாயுவை உண்டாக்கும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கென்றே ஒரு உணவுமுறையை வகுத்துள்ளனர். அவர்களுக்குக் கோதுமையைக் குறைத்தாலே போதும்; வாழ்நாள் முழுதும் விலக்க வேண்டியதில்லை. இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லவும் சோதனையே உதவும்.

எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி, நாம் பெறும் ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்ட வேண்டியதில்லை. நம் வீடுகளில் பலவற்றில் அது இதைவிட மிக அதிகம். ஒரு வேளைத் தானியத்தைக் காயாலும் பயறாலும் ஈடு செய்தாலே இந்த அளவை நெருங்கலாம்.

சில எச்சரிக்கைகளும் தேவை. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தானியத்தைத் திடீரென்று குறைத்தால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையலாம். மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும். சிறுநீரகக் குறை உள்ளவர்களுக்குப் பயறும் கிழங்கும் அளவோடுதான் பொருந்தும். கருவுற்றோரும் வளரும் குழந்தைகளும் அறிவுரையின்றி எந்த உணவையும் முற்றாக விலக்கக் கூடாது. மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி, மருந்துக்கு ஏறாத இரத்தசோகை, குழந்தையின் உயரம் நின்றுபோதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் சமையலில் தீர்வு தேட வேண்டாம். முதலில் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பொறுமை என்னும் தவணை

குடலின் உட்புற மேல்தோல் சில நாள்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. எனினும் தேய்ந்த குடலுறிஞ்சிகள் மீண்டும் நிமிர்ந்து நிற்கச் சிறுவர்களுக்கே பல மாதங்கள் ஆகும். பெரியவர்களுக்கு ஆண்டுகளும் ஆகலாம். தொடர்வைப்புத் தவணையைப் போல நாள் தவறாமல் செலுத்திவர வேண்டும். என் மகளுக்கு ஆறாம் மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறத் தொடங்கியது. ஓராண்டில் எதிர்ப்பொருளின் அளவு இயல்பு நிலையை நெருங்கியது. கதவு நிலையில் பென்சிலால் குறித்துவந்த உயரக் கோடுகள் முதல் ஆண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடந்தன. இரண்டாம் ஆண்டில் அவற்றுக்கு இடையே விரல் நுழையும் இடைவெளி விழுந்தது. எனக்கும் துணைவியாருக்கும் மலச்சிக்கல் தீர்ந்தது. இரவில் மிதமாக, முன்னேரத்தில் உண்பதால் என் நெஞ்செரிச்சலும் பெருமளவு குறைந்தது.

சென்ற ஆண்டு திருவாரூரில் உறவினர் திருமணம். பந்தியில் அமர்ந்த மகள், இலையில் சாம்பார் ஊற்ற வந்தவரை நிறுத்தி, "மாமா, இதுல என்ன பெருங்காயம் போட்டீங்க?" என்று கேட்டாள். பரிமாறியவர் சிரித்தார். அருகிலிருந்த என் தாயார் சிரிக்கவில்லை. "புள்ள கேக்குதுல்ல, டப்பாவைக் கொண்டாந்து காட்டுங்க" என்றார். சமையற்கட்டிலிருந்து டப்பா வந்தது. அப்பாயியும் பேத்தியும் தலைகள் ஒட்டிக்கொள்ளக் குனிந்து, அதன் பின்புறத்துச் சிறிய எழுத்துகளைப் படித்தார்கள். மைதா என்று இருந்தது. மகள் சாம்பாரைத் தள்ளிவிட்டு, அவியலையும் தயிரையும் கேட்டு வாங்கி, மனநிறைவோடு உண்டு எழுந்தாள்.

உங்கள் வீட்டிலும் நேராகாத வயிற்றுக் கணக்கு ஒன்று இருக்கக்கூடும். அதை அனாமத்தில் விட்டுவைக்காதீர்கள். இன்றிரவே ஒரு குறிப்பேட்டைத் திறந்து, உண்டதையும் வயிறு சொன்னதையும் எழுதத் தொடங்குங்கள். மருத்துவரிடம் செல்லும்போது அதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.